பறுவத்துப் பிட்டு

தட்டு முன்னால் இருக்கிறது. பிட்டிலிருந்து ஆவி போகிறது. அம்மா எதிரே கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், என் முகத்தை அல்ல, கையை. இடது கை மடியில் கிடக்கிறது, வலது கை மேசை ஓரத்தில், தட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் தூரம். அந்த ஒரு சாணைக் கடப்பதா விடுவதா என்பதுதான் இன்றைக்கு என் முழுப் பிரச்சினையும். மணி ஏழு இருபது. சித்திரைப் பறுவம், முழு நிலா நாள், தாயை இழந்தவர்கள் தாயை நினைத்து விரதம் பிடிக்கிற நாள். மத்தியானம் காகத்துக்கு வைத்த பிறகு ஒரு நேரச் சாப்பாடு, அவ்வளவுதான். தாய் இருக்கிறவர்கள் பிடிக்கக் கூடாது, பிடித்தால் இருக்கிற தாய்க்கு ஆகாது, ஆயுள் குறையுமாம். சட்டம் இரண்டே வரி. இதைவிடச் சிக்கலான சுற்றறிக்கைகளை எல்லாம் அரசாங்கக் கந்தோரில் வாசித்து மற்றவர்களுக்கு விளங்கப்படுத்துகிற ஆள் நான். இந்த இரண்டு வரியில் நான் எந்த வரிக்குள் வருகிறேன் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. எனக்குத் தாய் இருக்கிறார், இதோ எதிரே இருக்கிறார், இராசமலர், எழுபத்தொரு வயது, என்னை ஆறு வயதிலிருந்து வளர்த்தவர். எனக்குத் தாய் இல்லை, கனகாம்பிகை, என்னைப் பெற்றவர், போன தை மாதம் திருகோணமலையில் செத்துப்போனார், நானே போய்க் கொள்ளி வைத்தேன். இரண்டாவது விஷயம் முதலாமவருக்குத் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள். மூன்று மாதமாக மறைத்துவிட்டேன், இன்றைக்கு ஒரு தட்டுப் பிட்டில் வந்து மாட்டியிருக்கிறேன்.

"சாப்பிடன் மோனை, ஆறப்போகுது," என்கிறார் அம்மா. "சூடாக் கிடக்கம்மா," என்கிறேன். "சூடெண்டால் விசிறட்டே?" என்று மேசையில் கிடக்கிற ஓலை விசிறிக்குக் கை நீட்டுகிறார், நாற்பத்தேழு வயது மனிதனின் பிட்டுக்கு விசிற. வேண்டாம் என்று தலையாட்டுகிறேன். இரண்டு நிமிடம் கிடைத்திருக்கிறது. பிட்டு, இரண்டு கதலி வாழைப்பழம், ஒரு கரண்டி சீனி, வருடம் வருடம் இதேதான். அம்மா இன்றைக்குத் தன் தாய்க்கு விரதம் பிடிக்கிறவர், ஆனால் எனக்குத் தட்டு வைத்து, முன்னால் இருந்து, நான் சாப்பிடுவதைப் பார்த்த பிறகுதான் முழுகிவிட்டுத் தன் விரதத்தைத் தொடங்குவார். அதுவரை ஒரு மிடறு தண்ணீரும் குடிக்க மாட்டார். ஊரில் வேறு எந்த வீட்டிலும் இப்படி ஓர் ஒழுங்கு கிடையாது. இது உண்டான நாள் எனக்கு நினைவிருக்கிறது. அம்மா இந்த வீட்டுக்கு வந்த முதல் சித்திரை. "இதுதான் இனி உன்ரை அம்மா" என்று அப்பா கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியபோது நான் அவருடைய செருப்பைத்தான் பார்த்தேன், பச்சை வார், ஒரு பக்கம் அறுந்து ஊக்குக் குத்தியிருந்தது. பறுவத்தன்று காலை கிணற்றடியில் பக்கத்து வீட்டுப் பாக்கியம் மாமி கயிற்றை விட்டுக்கொண்டே என்னைப் பார்த்து, "இவனும் பிடிக்க வேணுமோ தெரியாது, பெத்தவ இருக்கிறாவோ இல்லையோ ஆர் கண்டது" என்றார். கெட்ட மனுசி இல்லை, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு குசினிக்குப் போய், பலகையில் இருத்தி, பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியை அப்படியே தட்டில் கவிழ்த்து, பழத்தைப் போட்டுப் பிசைந்து என் வாய்க்குள் வைத்தார். சுட்டது. இன்னொரு பிடி வைத்தார். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரிச் சொன்னார், "இவனுக்குத் தாய் இருக்கிறா. இவன் சாப்பிடுவான்." என் நாக்குப் பொரிந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கக் கூடாது, எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. திருகோணமலையில் மற்றவர் அந்த நேரம் சாப்பிட்டாரா என்று நான் நினைக்கவில்லை. ஆறு வயதில் நினைக்காதது குற்றமில்லை. இருபத்துநாலில் நினைக்காததற்கு என்ன சாட்டுச் சொல்ல.

வேலை நாளாக இருந்தால் தப்பியிருப்பேன். ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், கந்தோரில் சாப்பிடுகிறேன் என்று பாதி வாசலில் நின்று சொல்லிவிட்டு ஓடியிருக்கலாம். இந்த நாட்டில் நிலா முழுதானால் கந்தோரைப் பூட்டிவிடுவார்கள். மற்ற மாதங்களில் அந்த விடுமுறையைக் கலண்டரில் வட்டம் போட்டு வைத்துக் காத்திருக்கிறவன் நான்தான். இன்றைக்கு அந்த வட்டத்துக்குள்ளேயே இருக்கிறேன். மற்றச் சாட்டுகளையும் பாவித்துவிட்டேன். நேற்று இரவே வயிறு சரியில்லை என்றேன், அதற்கு மல்லிக் கோப்பி வந்தது, காலையில் "பிட்டு வயித்துக்கு ஒண்டும் செய்யாது, மாவை நல்லா வறுத்தனான்" என்று இதுவும் வந்தது. முடி வெட்டப் போக வேண்டும் என்றேன், "பறுவத்திலை ஆர் சலூன் திறப்பினம்" என்றார். குசினியில் சுபாஜினி மத்தியானத்துக்குப் பூசணிக்காய் வெட்டுகிறாள், கத்தி பலகையில் படுகிற சத்தம் கேட்கிறது. அவளுக்கு எல்லாம் தெரியும், அவளுக்கு மட்டும்தான் தெரியும். என் மனைவி நீட்டிப் பேசுகிறவள் அல்ல. இன்று விடியப் பல் விளக்கிக்கொண்டு நின்றவள் வாயைக் கொப்பளித்துவிட்டு, "ஒண்டில் சொல்லுங்கோ, இல்லாட்டிச் சாப்பிடுங்கோ. ரெண்டும் செய்யாமல் என்ரை முகத்தைப் பாக்காதேங்கோ" என்றாள். அதனால் குசினிப் பக்கம் நான் பார்க்கவில்லை. சுவரில் அப்பாவின் படம் இருக்கிறது, அதையும் பார்க்கவில்லை. அப்பாவுக்கு ஆடி அமாவாசை, அதில் ஒரு குழப்பமும் இல்லை, அம்மாவும் நானும் ஒன்றாகப் பசி கிடந்து, ஒன்றாகக் காகத்தைக் கூப்பிட்டு, ஒன்றாகக் கைக்கும் காத்தோட்டிக்காயைத் தின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்போம். ஒரு தகப்பன் உள்ளவனுக்கு எல்லாம் லேசு.

சொல்லிவிட்டால் என்ன. அம்மா, அவ போயிட்டா, இனி எனக்கும் பறுவம் இருக்கு என்று சொன்னால் என்ன. அம்மா கத்த மாட்டார், அழவும் மாட்டார். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் குசினியில் வைத்துவிட்டு வருவார், அவ்வளவுதான் நடக்கும். ஆனால் அந்தத் தட்டு அடுத்த சித்திரைக்கு வராது. அதற்கடுத்ததற்கும் வராது. பாக்கியம் மாமி கிணற்றடியில் விட்ட சொல், நாற்பத்தொரு வருடம் பிட்டு வைத்து வைத்து மூடிய சொல், மாமி செத்து ஒன்பது வருடத்துக்குப் பிறகு வென்றுவிடும். இவனுக்குத் தாய் இல்லை என்று என் வாயாலேயே ஆகிவிடும். அதோடு இவர் உயிரோடு எதிரே இருக்க நான் விரதம் பிடித்தால், அந்த இரண்டாவது வரி இருக்கிறதே, இருக்கிற தாய்க்கு ஆகாது என்பது, அதை நான் நம்புகிறேனா. நம்பவில்லை. கந்தோரில் யாராவது சொன்னால் சிரிப்பேன். ஆனால் போன ஐப்பசியில் இருதயக் கிளினிக்கில் டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அம்மாவை யோசிக்க விடாதேங்கோ" என்று சொன்ன பிறகு, நம்பாத விஷயங்களிலும் கவனமாக இருக்கப் பழகிவிட்டேன். அன்றைக்குத் திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் மழைச் சீலையைப் பிடித்துக்கொண்டு அம்மா கேட்டார், "நான் போனால் எனக்குப் பறுவம் பிடிப்பியோ?" அவருக்கு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. நான்தான், நான் மட்டும்தான். என்ன கதை இது என்று அதட்டியிருக்கலாம், ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான், "காலமை பிட்டுத் தர ஆளில்லாட்டிப் பிடிக்கத்தானே வேணும்" என்று பகிடி விட்டேன். அம்மா சிரித்தார். ஓட்டோக்காரரும் சிரித்தார். ஆனால் சிரித்த பிறகும் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், கேட்டதற்குப் பதில் இன்னும் வராத மாதிரி. இப்போது என் கையைப் பார்க்கிற அதே பார்வை.

சின்ன வயதில் பார்த்த பெற்றவரின் முகம் எனக்கு நினைவில் இல்லை. வீட்டில் படமும் இல்லை. தங்கச்சி ஒருத்தி பிறந்து அன்றைக்கே போய்விட, அவருக்கு மனம் பிசகிவிட்டது என்று சொல்வார்கள். ஒரு மாதத்துக்கு அவருடைய தமையன், என் மாமா வீட்டில் இருக்கட்டும் என்று அப்பா ரயிலில் கூட்டிக்கொண்டுபோய்த் திருகோணமலையில் விட்டார். பிறகு சண்டை, ரயில் நின்றது, பாதை பூட்டினார்கள், அப்பாவுக்கு அது வசதியாகவும் போயிற்று. ஒரு மாதம் நாற்பது வருடம் ஆனது. பாதை திறந்தபோது எனக்கு இருபத்துநாலு வயது, போயிருக்கலாம், போகவில்லை. போனால் அம்மாவுக்கு நோகும் என்று எனக்கு நானே சொன்னேன், உண்மையில் எனக்குப் பயம். சண்டை முடிந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு கந்தோர்ப் பயிற்சிக்கென்று திருகோணமலைக்கு அனுப்பினார்கள், மூன்றாம் நாள் மத்தியானம் கால் தன்பாட்டில் அந்த வீட்டைத் தேடிப் போயிற்று. முற்றத்தில் ஒரு வயதான பொம்பிளை சுளகில் முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தார். என் மூக்கு அவர் முகத்தில் இருந்தது. "ஆர் தம்பி?" என்று கேட்டார். நான், "கந்தோரிலை இருந்து வாறன், வீட்டு விபரம் எடுக்க" என்றேன். நாக்கில் அதுதான் வந்தது. அவர் எழும்பிக் கையைச் சீலையில் துடைத்து, ஒரு முக்காலியைத் தட்டிப் போட்டு, "வெயிலுக்குள்ளாலை வந்திருக்கிறியள், சாப்பிட்டனீங்களோ?" என்றார். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. "ஓம், சாப்பிட்டனான்" என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தார், சீனி மிஞ்சிப் போயிருந்தது, குடித்தேன். திண்ணையில் இருந்த மாமாவிடம் ஒரு துண்டில் கந்தோர் நம்பரை எழுதிக் கொடுத்து, ஏதும் தேவை என்றால் எடுக்கச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். சாப்பிட்டனீங்களோ என்று கேட்டவருக்குப் பொய் சொன்னேன். என்னுடைய பசியை அவருக்குக் காட்டவில்லை. காட்டியிருந்தால் ஒரு நேரச் சோறு போட்டிருப்பார், அவர் எனக்குப் போட்ட சோறு என்று ஒன்று எனக்கு நினைவில் இருந்திருக்கும். அவருக்காகப் பசி கிடக்க வேண்டிய நாளில் இப்போது பிட்டுக்கு முன்னால் இருக்கிறேன். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்கிறார்கள். வளர்த்த மனத்துக்கு ஒரு பழமொழியையும் காணோம்.

"பழம் கனிஞ்சதோ பார், இல்லாட்டி மற்றச் சீப்பிலை முறிச்சுத் தாறன்," என்கிறார் அம்மா. "நல்லாக் கனிஞ்சிருக்கம்மா." "அப்ப உரியன்." உரிக்கிறேன். உரிப்பது சாப்பிடுவதாகாது. தோலை நாலாக உரித்து, நாரை ஒவ்வொன்றாக எடுத்து, வாழ்க்கையில் ஒரு நாளும் நார் எடுத்தவன் இல்லை நான், தட்டின் ஓரத்தில் வரிசையாக வைக்கிறேன். தை மாதம் பதினோராம் திகதி அந்தத் துண்டுக் கடதாசிதான் என்னைக் கூப்பிட்டது. மாமா எப்போதோ செத்து, பெற்றவரை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்திருந்தார்கள், அவருடைய பையில் சீலை மடிப்புக்குள் அந்த நம்பர் இருந்ததாம். பதின்மூன்று வருடம் வைத்திருந்திருக்கிறார். வீட்டு விபரம் எடுக்க வந்த கந்தோர்க்காரனின் நம்பரை யாராவது பதின்மூன்று வருடம் வைத்திருப்பார்களா. அப்படியென்றால் அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் நீங்களோ என்று மரியாதையாகக் கேட்டாரா, நான் கந்தோர்க்காரனாக இருக்க விரும்பினால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாரா. இதற்கு மேல் இந்த யோசனை போகாது, இதே இடத்தில் வந்து நிற்கும், மூன்று மாதமாக இதே இடத்தில்தான் நிற்கிறது. வீட்டில் பயிற்சி என்று சொல்லிவிட்டுப் போய் எல்லாம் செய்தேன். மரண விபரப் படிவத்தில் இறந்தவருக்கு என்ன உறவு என்ற இடத்துக்கு வந்தபோது பேனை நின்றது. கந்தோரில் ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு அந்த இடத்தை விரலால் காட்டி, இதிலை எழுதுங்கோ ஐயா என்று அவசரப்படுத்துகிறவன் நான். மகன் என்று எழுதினேன். முதன்முதலாக எழுதினேன். தலையை வழிக்க வேண்டாம், வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று கேட்டபோது அங்கே முடி எடுக்க வந்தவர், மீசையாவது எடுக்கத்தானே வேண்டும் என்று எடுத்துவிட்டார். வீட்டு வாசலில் அம்மா பார்த்துவிட்டு, "மீசை எங்கை?" என்றார். "வெக்கைக்கு எடுத்தனான்," என்றேன். "தையிலையோ?" என்றார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் கேட்கவில்லை, சுடுதண்ணி வைத்துத் தந்தார். முப்பத்தோராம் நாள் அரைநாள் லீவு போட்டுக் கீரிமலைக் கடற்கரையில் கடைசிக் கடமையையும் செய்துவிட்டு, ஈரத் தலையோடு கந்தோருக்குப் போனேன். அந்த ஒரு மாதமும் மீன் சாப்பிடாமல் எப்படித் தப்புவது என்று பயந்துகொண்டிருந்தேன், அதிலும் எனக்கு அதிர்ஷ்டம், மீன்காரரோடு அம்மாவுக்கு ஏதோ கொழுவல் போல, மோட்டார்சைக்கிள் ஹோர்ன் ஒழுங்கையில் கேட்கும், அம்மா எழும்பிப் போக மாட்டார், "அவன் இப்ப பழசுதான் கொண்டாறான்" என்பார். பிறகு ஒரு நாள் பாரைமீன் குழம்பு மணத்தது, கோபம் ஆறிவிட்டது என்று நினைத்தேன். கீரிமலைக்குப் போய்வந்த மறுநாள் அது. கடவுள் சில நேரம் சின்ன விஷயங்களில் உதவி செய்வார் என்று அன்றைக்கு நினைத்தேன், பெரிய விஷயங்களில் கையை விட்டாலும்.

மணி ஏழு நாற்பத்தைந்து. ஆவி நின்றுவிட்டது. சித்திரை வெயில் ஜன்னல் கம்பியால் வந்து அம்மாவின் முழங்காலில் விழுந்திருக்கிறது. மதிலில் ஒரு காகம் வந்து இருக்கிறது, இன்றைக்கு எந்த நேரம் எந்த வீட்டில் சோறு விழும் என்று அதற்குத் தெரியும், மத்தியானம் வரை பொறுத்திருக்கும், என்னைவிட ஒழுங்கான பிராணி. அடுத்த வருடம் பிடித்தால் என்ன. அடுத்த வருடம் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பிடிக்கலாம். ஆனால் முதல் பறுவம் இதுதானே, போன ஒருவர் முதன்முதலாகத் திரும்பிப் பார்க்கிற நாள் இதுதானே. கோயிலில் இன்றைக்கு எமனுடைய எழுத்தரின் கதையைப் படிப்பார்கள், அவரும் என்னைப் போல் ஓர் எழுத்தர்தான், மேசைக்குப் பின்னால் இருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டிருப்பார். கனகாம்பிகை, ஓம், உமக்காகப் பசி கிடக்க ஆர் இருக்கினம். ஒரு மகன் இருக்கிறான், கந்தோரிலை வேலை. பேர்? அந்த இடத்தில் பெற்றவர் என்ன சொல்வார். எனக்கு விமலாகரன் என்று பெயர் வைத்ததே அவர்தானாம், அப்பா சொல்லியிருக்கிறார், அது ஒன்றுதான் அவரிடமிருந்து எனக்கு வந்த சாமான். அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் நான் இங்கே பழத்துக்கு நார் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அழுகை வருகிறது. அழ முடியாது, அழுதால் ஏன் என்று கேட்பார். வேறு வழி யோசிக்க வேண்டும். வாயில் வைத்தால் விரதம் முறியுமா, விழுங்கினால்தான் முறியுமா. வாயில் வைத்துவிட்டு, அம்மா கிணற்றடிக்குப் போன உடனே கொல்லைக்குப் போய்த் துப்பினால். அம்மா தந்த சோற்றைத் துப்புவதா. அம்மா கையால் சமைத்ததை வாயிலிருந்து துப்பினால் அது எந்தத் தாய்க்குச் செய்கிற விரதம். ஒரு தாய்க்குத் துரோகம் செய்யாமல் மற்றத் தாய்க்கு ஒரு நேரம் பசி கிடக்க இந்த உலகத்தில் எனக்கு ஒரு மூலை இல்லை, வீட்டில் நாலு அறை இருக்கிறது, ஒன்றுக்குள்ளும் போக முடியவில்லை, இந்தக் கதிரையிலிருந்து எழும்ப முடியவில்லை.

"என்ன மோனை யோசினை?" "ஒண்டுமில்லையம்மா." "கந்தோர்ப் பிரச்சினையே?" "சீச்சீ." "அப்ப சாப்பிடன். நான் முழுக வேணும், வெயில் ஏறுது." குரல் வறண்டிருக்கிறது. விடியற்காலையிலிருந்து அம்மா ஒன்றும் குடிக்கவில்லை. உதட்டில் வெள்ளையாகத் தோல் உரிந்திருக்கிறது, நெஞ்சுக்குப் போடுகிற குளிசையும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். நான் பிந்தப் பிந்த அவருக்கும் எல்லாம் பிந்துகிறது. விரதம் பிடிக்காமலே நான் இந்தத் தாயைப் பட்டினி போட்டுக்கொண்டிருக்கிறேன். குசினியில் கத்திச் சத்தம் நின்றுவிட்டது. சுபாஜினி காது கொடுத்துக்கொண்டு நிற்கிறாள் என்று தெரிகிறது. அம்மா ஒரு மூச்சை இழுத்து விட்டு, வலது உள்ளங்கையைத் தூக்கி நெஞ்சில் வைக்கிறார். சேலைத் தலைப்பைச் சரிசெய்யத்தான் வைத்தாரா, நோகிறதா. கையை எடுக்கவில்லை. அங்கேயே வைத்துத் தேய்க்கிறார், இடமும் வலமுமாக. டொக்டர் அந்தப் படத்தில் பேனையால் காட்டிய இடம். இருக்கிற தாய்க்கு ஆகாது. நான் இன்னும் பிடிக்கவே இல்லை, பிடிக்கலாமா என்று நினைத்ததற்கேவா. செத்தவருக்கு இனி நோகாது, இவருக்கு நோகும். செத்தவரிடம் மன்னிப்புக் கேட்க வாழ்நாள் கிடக்கிறது, இவர் இந்தக் கதிரையில் சரிந்தால் எனக்கு ஒன்றும் கிடக்காது. இவர்தான் என் அம்மா. நாக்குப் பொரியப் பொரிய ஊட்டியவர் இவர்தான். கை அந்த ஒரு சாணைக் கடக்கிறது. பழத்தைப் பிட்டில் போட்டுப் பிசைகிறேன், ஆறிய பிட்டு கட்டி கட்டியாக உடைகிறது, சீனி கையில் நெறுநெறுக்கிறது, ஒரு பெரிய பிடியாக எடுத்து வாயில் வைக்கிறேன். அம்மா பாருங்கோ, சாப்பிடுகிறேன், எனக்குத் தாய் இருக்கிறா.

அம்மா எழும்பவில்லை. ஒவ்வொரு வருடமும் முதல் பிடி வாய்க்குள் போன உடனே, சரி என்று முழங்காலில் கை ஊன்றி எழும்புவார். இன்றைக்கு எழும்பவில்லை. நெஞ்சிலிருந்த கையை எடுத்து மடியில் வைக்கிறார். முதல்முறையாக என் கையை விட்டு முகத்தைப் பார்க்கிறார். "மீசை எடுத்துக்கொண்டு வந்தியே, அண்டைக்கே எனக்குத் தெரியும் மோனை," என்கிறார். கோபம் இல்லை. பால் திரைந்துபோயிற்று என்று சொல்கிற மாதிரித்தான் சொல்கிறார். "முப்பத்தொரு நாளும் இந்த வீட்டிலை மீன் காய்ச்சேல்லை. நீயா வந்து சொல்லுவாய் எண்டு இருந்தனான். சொல்லேல்லை. சரி, பறுவத்துக்காவது சொல்லுவான் எண்டு இருந்தனான்." என் வாய் நிறையப் பிட்டு. தட்டைப் பார்க்கிறேன், அவரைப் பார்க்கிறேன். பிறகேன் வைத்தீர்கள் என்ற என் கேள்வி அவருக்கு விளங்குகிறது. "வைக்காமல் விட்டால் நான் உன்னை விட்டுக் குடுத்ததாப் போயிடும். நீ தட்டைத் தள்ளினால் அது நீ பிடிச்ச விரதம். நீ தள்ளுவாய் எண்டுதான் வைச்சனான். தள்ளியிருந்தால் எனக்கு நொந்திருக்கும், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் நிம்மதியாய் இருந்திருக்கும்." முழங்காலில் கை ஊன்றி எழும்புகிறார். கதிரையை மேசையோடு சேர்த்துத் தள்ளி வைக்கிறார். "பெத்தவவுக்கு ஒரு காலமை பசி கிடக்கேலாதவன், எனக்கோ கிடக்கப்போறாய்," என்கிறார், என்னிடம் அல்ல, கதிரையிடம் சொல்கிற மாதிரி. குசினி வாசலில் சுபாஜினி கத்தியும் கையுமாக நிற்கிறாள். அம்மா அவளைத் தாண்டிப் போய்க் கொடியிலிருந்த சேலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்கிறார். "அவவின்ரை பேரையும் சொல்லித்தான் முழுகுறன். ஆராவது சொல்லத்தானே வேணும். நீ சாப்பிடு, ஆறிப்போச்சு."

கிணற்றடியில் கப்பி சத்தம் போடுகிறது. வாளி இறங்குகிறது. காகம் மதிலில் அப்படியே இருக்கிறது. பிட்டு வாய்க்குள் ஊறி, பழத்தோடு இனித்துக்கொண்டு கிடக்கிறது, இன்னும் தொண்டைக்குப் போகவில்லை. அம்மா, உங்களுக்காகத்தான் சாப்பிட்டனான், உங்களுக்கு நோகக் கூடாது எண்டுதான், உங்களுக்கு நான் பிடிப்பன், எத்தனை வருசமெண்டாலும் பிடிப்பன். ஓட்டோவுக்குள் சொல்லாததை இப்போதாவது எழும்பிப் போய்ச் சொல்ல வேண்டும், முதல் வாளி தலையில் விழ முதல் சொல்ல வேண்டும். சொல்வதென்றால் முதலில் இதை விழுங்க வேண்டும்.